பெயிண்டர் வீட்டாரின் முதல் எழுத்து

பாய்,

குவைத்தில் இருக்கும் என் தங்கை மகன் அனுப்பிய பேரீச்சம்பழப் பெட்டி இன்று காலை வந்தது. கூரியர்காரர் கையெழுத்துக்காக நீட்டிய தாளில் என் பெயர் P-யில் தொடங்காமல் B-யில் தொடங்கியிருந்தது. "சார், உங்க பேரைத் தப்பா போட்டுட்டாங்க போல" என்று அவர் தயங்கினார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று விளக்கப்போனால் உங்கள் கதையை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கும். அவருக்கோ இன்னும் இருபது வீடு பாக்கி. அதனால்தான் உங்களுக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

குவைத்தின் ஃபஹாஹீல் ஊரில் நம் டைப்பிங் சென்டர் ஒரு மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. அங்கே தங்குவதற்கான இகாமா, லைசென்ஸ், வண்டிப் பெயர் மாற்றம் என்று எந்த விண்ணப்பம் வந்தாலும் அரபிப் பக்கம் உங்களுடையது, ஆங்கிலப் பக்கம் என்னுடையது. நீங்கள் கீழக்கரையில் ஓதக் கற்ற அரபியை வைத்துக்கொண்டு வந்து, பதினைந்து வருடத்தில் குவைத்திகளே சந்தேகம் கேட்கும் அளவுக்கு எழுத்துக்கூட்டத் தேர்ந்திருந்தீர்கள். அரபியில் P என்ற ஒலிக்கு எழுத்து கிடையாது. பழனிவேல், பரமசிவம், பிலிப், யாராக இருந்தாலும் நம் வாசலுக்குள் வந்தால் B ஆகிவிடுவார்கள். அந்த அரபியை வேறொருவர் திரும்ப ஆங்கிலத்தில் எழுதும்போது B அப்படியே நிலைத்துவிடும். "உன்னை நான்தாம்பா பாலனிவேல் ஆக்கினேன், என்னைத் திட்டாத" என்று என் பத்தாக்கா அடையாள அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வீர்கள்.

எழுத்து உங்களையும் விடவில்லை. உங்கள் தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் நிக்காஹ் சான்றிதழில் வேறு மாதிரியும் இருந்தது. ஒரே ஓர் எழுத்துதான். அதற்காக உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் கேட்ட குடும்ப விசா இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது தடவை கேட்க உங்களுக்கு மனமே வரவில்லை. "ஊர்ல உள்ளவன் பேரையெல்லாம் சரி பண்றேன். என் பேரு மட்டும் என்னையப் பாத்துச் சிரிக்குது" என்று ஒருநாள் சொன்னீர்கள்.

ரூத் மேடம் நம் கடைக்கு வந்தது இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஒரு ஏப்ரல் மாதத்தில். ஐம்பது வயதைத் தாண்டிய அமெரிக்கப் பெண்மணி. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஜூனில் ஊருக்கே திரும்பிப் போகிறார் என்பதால் காரை விற்பதற்கான படிவத்தோடு வந்திருந்தார். குடும்பப் பெயர் பெயிண்டர். நீங்கள் அரபிப் பக்கத்தை அடித்து முடித்து, சரிபார்க்கிறேன் என்று வலமிருந்து இடமாக விரலை ஓட்டிச் சத்தமாகப் படித்தீர்கள்.

"ரூத் பெந்தர்."

"யார் அந்தப் பெந்தர்?" என்றார் அவர்.

"நீங்கதான் மேடம். அரபியில உங்களுக்கு அதான் பேரு."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர், பத்து வருடங்களாகத் தன் குடும்பப் பெயரைத்தான் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். உங்கள் ஆங்கிலம் படிவத்து ஆங்கிலம். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த ஊர். அவருடைய கதைக்கும் அந்த மூன்றும்தான் தேவைப்பட்டன என்பதால் உங்களுக்கு எதுவுமே விட்டுப்போகவில்லை.

அமெரிக்கா இங்கிலாந்து ராஜாவின் கீழ் இருந்த காலத்தில் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் அவருடையது. வர்ஜீனியாவில் நிலம் வாங்கி விவசாயம் செய்தவர்கள். நிலப் பத்திரத்திலும் பெயர் பெயிண்டர்தான். வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில் பிறப்பு விவரங்கள் எழுதியிருந்தன. அதில் முதல் ஆள் யாக்கோபு பெயிண்டர், பென்சில்வேனியாவில் பிறந்தவர். அவருக்கு அப்பா யார் என்று எழுதவில்லை. கப்பலில் வந்தவர் அந்த அப்பாதான். அவர் பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை. வந்திறங்கிய ஜெர்மன்காரர்களின் பட்டியலில் பெயிண்டர் என்று ஒருவர்கூட இல்லை. பெயிண்டர் என்பது ஜெர்மன் சொல்லின் மொழிபெயர்ப்பாக இருக்கலாம் என்று நினைத்து, ஜெர்மனில் ஓவியனுக்கு உள்ள சொல்லை வைத்து ஆறு வருடம் தேடியிருக்கிறார். அதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

"எங்க அப்பாவுக்கு எண்பத்தெட்டு வயசு. இதயம் சரியில்லை. ஜூலையில குடும்பத்துல எல்லாரும் கூடுறோம். அவருக்குள்ள ஒரே ஆசை, கப்பல்ல வந்தவரை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடணும்" என்றார். பிறகு கூச்சத்தோடு இன்னொன்றும் சொன்னார். அந்தக் கூட்டத்துக்காக அவருடைய சித்தப்பா மகன் முந்நூறு பனியன் அடித்து வைத்திருக்கிறாராம். நெஞ்சில் பெயிண்ட் பிரஷ் படம் போட்டு.

நீங்கள் பிரஷ்ஷுக்குச் சிரிக்கவில்லை. யோசனையில் இருந்தீர்கள்.

"நிலப் பத்திரத்துல பெயிண்டர்னு எழுதினவன் யாரு மேடம்? ஜெர்மன்காரனா?"

"இல்லை. ஆங்கிலேய குமாஸ்தாவாத்தான் இருக்கணும்."

"அப்ப காதுல விழுந்ததை எழுதியிருப்பான்." என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னீர்கள்: "பழனி, இவன் நம்ம ஆளுப்பா."

இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னால் எங்கோ வர்ஜீனியாவில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த மனிதனை, நீங்கள் பக்கத்துக் கடைக்காரரைச் சொல்வதுபோலச் சொன்னீர்கள். வாசலில் வரிசை. முன்னால் நிற்பவன் பேசுகிற பாஷை தெரியாது. பேரைக் கேட்கிறான், எதையோ சொல்கிறான், அதற்குக் கிட்டத்தில் தனக்குத் தெரிந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறான். நாமும் தினம் அதைத்தானே செய்தோம்?

அந்த ஜெர்மன்காரர்கள் B, P இரண்டையும் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டீர்கள். ரைன் நதிப் பக்கத்து ஆட்கள் வாயில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே ஒலிக்கும் என்று ஒரு புத்தகத்தில் படித்ததாக அவர் சொன்னார். மேசையில் ஒரு தட்டுத் தட்டினீர்களே, என் ஸ்டாம்ப் பேடு கீழே விழுந்தது.

"தமிழ்லயும் எங்களுக்கு ஒரே எழுத்துதான் மேடம். பல்லுக்கும் அதான், பஸ்ஸுக்கும் அதான். அரபி தப்பா சொல்லல. பெந்தர், பெண்டர், அப்படித் தேடிப்பாருங்க. ஓவியனை விட்டுருங்க. B-யில போங்க."

ரூத் மேடத்தின் முகம் மாறிவிட்டது. "எங்க அப்பா எண்பத்தெட்டு வருஷமா பெயிண்டர். ஒரு கார் படிவத்துல அரபிக்காரங்களுக்கு ஒரு எழுத்து இல்லைங்கிறதுக்காக அவர் பேரை மாத்தச் சொல்றீங்களா?" என்று கேட்டார். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் உங்களைக் கடிந்துகொண்டேன். "ஒருத்தங்க குடும்பப் பேரை மாத்த நாம யாரு பாய்?"

"மாத்தலையேப்பா. கேட்டதைச் சொன்னேன்."

"பத்து வருஷமா தேடுறவங்களுக்குத் தெரியாதா?"

"அவங்க கண்ணால தேடுறாங்க. பேரு காதுல உள்ள பொருள்" என்றீர்கள். ஆனாலும் உங்களுக்கு உறுத்தல் இருந்தது. அந்த வாரம் முழுக்கக் கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

பத்தாவது நாள் அவர் வந்தார். சலாம், ஹலோ எதுவுமில்லை. ஒரு தாளை உங்கள் கீபோர்டு மேலேயே வைத்தார். கோபத்தோடு வீட்டுக்குப் போனவர், கோபம் அடங்கியதும் பட்டியலை எடுத்து B பக்கத்தைப் புரட்டியிருக்கிறார். பெண்டர் என்ற பெயரில் ஒருவர் அல்ல, ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அப்போதுதான் அவருக்கு அப்பா வீட்டிலிருக்கும் நிலப் பத்திரம் ஞாபகம் வந்திருக்கிறது. குமாஸ்தாவின் அழகான எழுத்தில் மேலே யாக்கோபு பெயிண்டர். கீழே கையெழுத்து இருக்கும் இடத்தில் ஏதோ ஒரு கிறுக்கல். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றே குடும்பத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அப்பாவிடம் சொல்லி அதை ஸ்கேன் செய்து அனுப்பவைத்திருந்தார்.

பாய், அந்தக் கிறுக்கலைப் பெரிதாக்கியது நான். அந்தப் பெருமையை மட்டும் எனக்கு விட்டுக்கொடுங்கள். முதல் பிரதி கறுப்பாக அடித்துவிட்டது. இரண்டாவது வெளுத்துப்போனது. மூன்றாவதில் கோடு கோடாக எழுந்து வந்தது. ரூத் மேடம் பழைய ஜெர்மன் கையெழுத்தின் அட்டவணை ஒன்றை அச்செடுத்து வந்திருந்தார். மூன்று தலைகளும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளக் குனிந்து பார்த்தோம். முதல் எழுத்துக்கு நேராக உங்கள் விரல் அட்டவணையில் இறங்கி வந்தது. P-யில் நிற்கவில்லை. B-யில் நின்றது.

"ஆனா அடுத்தது n, n, d, n, r. சொல்லே இல்லையே" என்றார் அவர், குரல் தளர்ந்து.

நீங்கள் அட்டவணையை அவர் பக்கம் திருப்பினீர்கள். "இங்க பாருங்க. இவங்க e-யை இப்படித்தான் போடுறாங்க, சின்னதா ரெண்டு கோடு. நீங்க n-னு படிச்ச இதுவும் e, இதுவும் e. அரபியில ஒரே எழுத்து முதல்ல ஒரு மாதிரி, நடுவுல ஒரு மாதிரி, கடைசியில ஒரு மாதிரி வரும் மேடம். எங்களுக்கு இது பழக்கம்."

அவர் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றின் கீழும் எழுதினார். பெண்டர். யாக்கோபு பெண்டர். எழுதப் படிக்கத் தெரியாதவர் அல்ல அவர். தன் பெயரைத் தன் எழுத்தில் நன்றாகவே எழுதியிருந்தார். இவ்வளவு காலமாக அதை வாசிக்கத்தான் ஆளில்லை.

ரூத் மேடம் பென்சிலை வைத்துவிட்டு, "அன்னைக்கு நான் மரியாதை இல்லாம பேசிட்டேன்" என்றார்.

"மாஃபி முஷ்கில், ஒண்ணும் பிரச்சினை இல்லை மேடம். டீ குடிங்க" என்றீர்கள்.

யாக்கோபு கிடைத்துவிட்டார். அவருடைய அப்பா இன்னும் கிடைக்கவில்லை. பென்சில்வேனியாவில் யாக்கோபு பிறந்த பகுதியில் இருந்த பழைய தேவாலயம் ஒன்றுக்கு ரூத் மேடம் முன்பே எழுதியிருந்தார். பெயிண்டர் என்று யாரும் எங்கள் பதிவேட்டில் இல்லை என்று அவர்கள் பதில் போட்டிருந்தார்கள். இப்போது பெண்டர் என்று திரும்ப எழுதினார். மே மாதம் கரைந்துகொண்டிருந்தது. அவருடைய டிக்கெட் ஜூன் நடுவில். மூன்று வாரமாகப் பதில் இல்லை. பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, நம் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்து பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், டீ குடித்துவிட்டுப் போவார். வரிசையில் நின்ற எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. தையல் கடையில் வேலை செய்த பாகிஸ்தானி நண்பர் தினமும் எட்டிப்பார்த்து, "மேடம் கா தாதா மிலா?" என்று கேட்பார். தாத்தா கிடைத்தாரா என்று.

கிடைத்தார். ஒரு புதன்கிழமை, மதிய இடைவேளை முடிந்து கடையைத் திறந்த நேரம். ரூத் மேடம் திரையைப் படித்தார். ஒருமுறை, இன்னொரு முறை. பிறகு எழுந்து நின்றுவிட்டார். "பிரிண்ட் போடுங்க, பழனி" என்றார்.

பதிவேட்டில் இப்படி இருந்தது: யாக்கோபு, தகப்பனார் ஹான்ஸ் ஆடம் பெண்டர், தாயார் அன்னா பார்பரா. ஞானஸ்நானம் கொடுத்த நாள், வீட்டு பைபிளில் எழுதியிருந்த பிறந்த நாளுக்குச் சரியாக இரண்டு நாள் கழித்து. தகப்பனாரின் தொழில் என்று ஒரு சொல்லும் இருந்தது. பீப்பாய் செய்கிறவர். பெண்டர் என்ற சொல்லுக்கே அந்த ஊர்ப் பேச்சில் அதுதான் அர்த்தமாம். வர்ஜீனியா குமாஸ்தா ஒற்றை எழுத்தில் தடுமாறி, பீப்பாய்க்காரர் குடும்பத்தின் கையில் பிரஷ்ஷைக் கொடுத்திருக்கிறார்.

"இப்பவே அப்பாவைக் கூப்பிடுங்க. அங்க காலையிலதானே?" என்றீர்கள். வரிசையில் நின்ற இரண்டு பேரை ஸ்டூலில் உட்காரச் சொன்னீர்கள். போனை ஸ்பீக்கரில் போட்டார் ரூத் மேடம்.

"அப்பா, உட்கார்ந்திருக்கீங்களா?"

"நான் எப்பவுமே உட்கார்ந்துதான் இருக்கேன். சொல்லு."

அவர் சொன்னார். மறுமுனையிலிருந்து வயதான, கரகரத்த குரல் மெதுவாக வந்தது.

"ஹான்ஸ் ஆடம் பெண்டர்."

ஒவ்வொரு சொல்லாக, கதவைத் தட்டுவதுபோலச் சொன்னார். இன்னொரு தடவை சொன்னார். அப்புறம், "என்ன வேலை பார்த்தார்னு சொன்னே?"

"பீப்பாய் செய்றவர் அப்பா."

அப்போது வந்தது ஒரு சிரிப்பு. இருமலும் சிரிப்புமாக அவருக்கு மூச்சு வாங்கியது. "ரூத், என் வாழ்நாள்ல ஒரு சுவரைக்கூட என்னால ஒழுங்கா பெயிண்ட் அடிக்க முடியலை. உங்கம்மா கடைசி வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டினா. இப்பத்தான் காரணம் தெரியுது!"

பாய், நம் கடை சிரித்தது. ரூத் மேடம் அழுதுகொண்டே சிரித்தார். ஒன்றும் புரியாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். தையல் கடைக்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடிவந்து, "மில் கயா? மில் கயா?" என்று கேட்டு உங்களைக் கட்டிப்பிடித்தார்.

"அதைக் கண்டுபிடிச்சவர்கிட்ட போனைக் குடு" என்றார் பெரியவர். உங்கள் பெயரைக் கேட்டார். சொன்னீர்கள். அவர் திருப்பிச் சொன்னது தப்பாக இருந்தது. "இன்னொரு தடவை." அதுவும் தப்பு. மூன்றாவதும் சரியில்லை. நீங்கள் பொறுமையாக, எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். நான்காவது தடவை உங்கள் வீட்டார் கூப்பிடுவதுபோலவே சரியாகச் சொன்னார். "கரெக்ட் சார்" என்றீர்கள், போனை இரண்டு கையாலும் பிடித்தபடி.

ஜூலையில் அவர்கள் கூடிய புகைப்படம் மெயிலில் வந்தது. சக்கர நாற்காலியில் பெரியவர், சுற்றிலும் நூற்றுக்கணக்கில் பெயிண்டர்கள். பனியனில் பிரஷ் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் ஒவ்வொருவரும் கையால் ஒரு பீப்பாய் வரைந்திருந்தார்கள். பெயரை மாற்றவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்த மறுநாள்தான் நீங்கள் மேசை இழுப்பறையிலிருந்து உங்கள் பழைய விசா ஃபைலை எடுத்தீர்கள். "பழனி, ஒரு லெட்டர் இங்கிலீஷ்ல அடிக்கணும். செத்து இருநூறு வருஷம் ஆனவருக்கு வாப்பாவைக் கண்டுபிடிச்சுக் குடுத்தோம். என் வாப்பா பேருக்கு நான் போராடலேன்னா எப்படி?" என்றீர்கள். பள்ளிச் சான்றிதழ், ஜமாஅத் கடிதம், நோட்டரி கையெழுத்து என்று ஒவ்வொரு காகிதமாக ஊரிலிருந்து வரவழைத்தீர்கள். தூதரகத்துக்கு நான்கு தடவை போனீர்கள். குளிர் தொடங்கிய ஒரு காலையில் உங்கள் மனைவியும் மகளும் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் நானும் நின்றேன். நடக்கிற வயதில் பார்த்த குழந்தை இரட்டைச் சடையோடு வந்து உங்களை அடையாளம் கண்டு ஓடிவந்ததை, அதன்பிறகு நீங்கள் எனக்குச் சொல்லாத வாரமே இல்லை. நான் பக்கத்திலேயே நின்றேன் என்பதை ஒவ்வொரு முறையும் மறந்துவிடுவீர்கள்.

அடுத்த வருடம் அமெரிக்காவிலிருந்து ஒரு கனமான புத்தகம் தபாலில் வந்தது. ஹான்ஸ் ஆடமில் தொடங்கிப் போன மாதம் பிறந்த குழந்தை வரைக்கும் அந்தக் குடும்பத்தின் வரலாறு. பெரியவர் அச்சில் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார் என்று ரூத் மேடம் எழுதியிருந்தார். நன்றி என்ற பக்கத்தில் முதல் பெயர் உங்களுடையது. நான் ஆசையாகப் படித்தேன், படித்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அச்சகத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள்.

"மேடத்துக்கு எழுதிச் சொல்லலாம் பாய். அடுத்த பதிப்புல திருத்துவாங்க" என்றேன்.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தீர்கள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தீர்கள்.

"விடுப்பா. இன்னும் இருநூறு வருஷம் கழிச்சு எவனாவது உக்காந்து தேடட்டும்."

நீங்கள் ஊரோடு போய், அங்கேயே ஒரு காலையில் அமைதியாகப் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. சேதி வந்து நான் குவைத்திலிருந்து கீழக்கரைக்கு வந்து சேர மூன்று நாளாகிவிட்டது. இரட்டைச் சடைக்காரி இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். "வாப்பா வந்தவக போனவகட்டயெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவாக மாமா. தப்பா இருக்கே வாப்பான்னா, அதுதான் அழகுன்னு சொல்வாக" என்றாள். துக்கம் கேட்கப் போன வீட்டில் அவளும் நானும் சிரித்துவிட்டோம். உங்கள் மனைவி உள்ளேயிருந்து எட்டிப்பார்த்து, அவர்களும் சிரித்தார்கள்.

நான் இப்போது அறந்தாங்கியில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஆதார், ரேஷன் கார்டு, சான்றிதழ். உங்களிடமிருந்து எடுத்துவந்த பழக்கம் ஒன்று எனக்கு இருக்கிறது. யார் வந்தாலும் கார்டை நீட்டுவதற்கு முன்னால் பெயரை வாயால் சொல்லச் சொல்வேன். சொல்லி முடிக்கும்வரை விசைப்பலகையில் கை வைக்க மாட்டேன்.

போன வாரம் ஒரிசாவிலிருந்து வந்து இங்கே கட்டட வேலை செய்யும் ஓர் இளைஞர் வந்தார். வங்கிக் கணக்கு தொடங்க முடியாமல் அலைந்திருக்கிறார். இங்கே யாரோ அவர் பெயரைத் தமிழ்க் காதால் கேட்டு, ஒரு காகிதத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் அடித்திருந்தார்கள். குவைத்தில் கற்ற இந்தியில், "பேரைச் சொல்லுங்க, மெதுவா" என்றேன். சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவர் கொஞ்சம் வெட்கப்பட்டு, அம்மா கூப்பிடுவதுபோல இழுத்துச் சொன்னார். அடித்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஏக்தம் சஹி" என்றார். ரொம்பச் சரி என்று.

பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். எனக்கு அவசரமே வரவில்லை, பாய்.

உங்கள்,
பழனி